கும்பத்திலும் மீனத்திலும்

பத்து மணி ஐந்து. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்று இந்த அம்மாள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள், ஏதோ நான் பலகாரம் சுட்டுத் தரப்போகிறவள் மாதிரி. சண்முகவடிவு என்று பெயர் சொன்னாள். ஆய்க்குடியிலிருந்து வருகிறாளாம். பக்கத்தில் மகன், குற்றாலநாதன், முப்பது வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கையில் நனைந்த குடை. குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் ஓடி என் மேஜைக் காலைத் தொட்டுவிட்டது, அதுகூடத் தெரியாமல் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்க்காதே தம்பி, பேனாவில் ஒன்றும் இல்லை, எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. மேஜைமேல் இரண்டு ஜாதகம். இடது பக்கம் அந்தப் பெண்ணுடையது, சொர்ணா, இவனோடு அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். வலது பக்கம் இவனுடையது. "மூணு பேருகிட்ட பாத்தாச்சு அம்மா. மூணு பேரும் ஒரே சொல்லா வேண்டாம்னுட்டாங்க. இவன் கேக்க மாட்டேங்கான். கடைசியா உங்ககிட்ட ஒருதரம் பாப்போம், ஆவுடையம்மா பொய் சொல்ல மாட்டா, மூஞ்சிக்கு நேரா சொல்லிருவான்னு ஊரே சொல்லுது. நீங்களும் வேண்டாம்னா இவன் இந்தப் பேச்ச விட்டுறணும், சரின்னா நான் மறுபேச்சு பேசக் கூடாது. உலகம்மன் சன்னதியில வச்சு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிட்டுத்தான் வந்துருக்கோம்." நல்ல சத்தியம். அம்மாவும் மகனும் வீட்டில் பேசி முடிக்க வேண்டிய வழக்கைக் கொண்டுவந்து என் தலையில் வைத்துவிட்டார்கள், இனி இவர்கள் பாட்டுக்கு அம்மன் இருக்கிறாள் என்று இருப்பார்கள், நான்தான் ராத்திரி தூங்க மாட்டேன்.

எதற்கு மூன்று பேரும் வேண்டாம் என்றார்கள் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை, காகிதத்தைப் பிரித்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. மேல் வரிசையில் இடது மூலைக் கட்டம், மீனம். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எழுத்து. சனி, சந்திரன். இரண்டும் சேர்ந்து கலியாணத்தைக் குறிக்கும் ஏழாம் இடத்தில். புனர்பூ தோஷம் என்று பெயர். தாலிக்கு மஞ்சள் சரடு வாங்கியபிறகும் கலியாணம் நிற்கும், நடந்தாலும் நிலைக்காது, அப்படி இப்படி என்று நூறு சொல்வார்கள். எனக்கு இந்தக் கட்டத்தைப் பார்த்தால் இன்றைக்கும் பேனாவை மூடி வைத்துவிடத் தோன்றும். நாற்பத்தாறு வயதாகிறது, பத்தொன்பது வருஷமாக இதே நாற்காலி, கீழே உரக்கடை, யூரியா வாசனை மூக்குக்குப் பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. ஏனென்றால் எனக்கும் அதேதான். என்னுடையது சிம்மத்தில். கட்டம்தான் வேறு, வீற்றிருக்கும் ஆட்கள் அவர்களேதான், ஏழாம் இடமும் அதேதான். என் பதினாறு வயதில் அம்மா அதை ஒரு டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள், ஜாதகம் என்று சொல்ல மாட்டாள், "அது" என்பாள். அதை எடுத்துட்டு வா. அத உள்ள வை. ஏழு பேர் வந்து பார்த்தார்கள், ஏழு பேருக்கும் கேசரி கிண்டினோம், ஏழாவது ஆள், எனக்கு இருபத்துநாலு வயதாகும்போது வந்தவர், கடையநல்லூர்க்காரர். அவர் மட்டும் இரண்டாம் தடவை கேசரி வாங்கிக்கொண்டு, என்ன புத்தகம் படிப்பீங்க என்று என்னிடம் நேராகக் கேட்டார், அம்மாவிடம் கேட்கவில்லை, என்னிடம். பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. ஜாதகம் பொருந்தவில்லை, மன்னிக்கவும். அவ்வளவுதான். எழுத்து அவருடையதில்லை, அவர் அப்பாவுடையது. அந்தக் கார்டை வைத்துக்கொண்டு அம்மா அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, சரி, அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கட்டத்தில், நானே படித்துப் பார்க்கிறேன் என்று தபால் வழிப் படிப்பில் சேர்ந்தேன். கோபத்தில் படித்த படிப்பு மறக்காது.

சரி, கணக்கைப் பார். கடிகாரம் பத்து எட்டு. முதலில் கணக்கில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எத்தனையோ தடவை இருந்திருக்கிறது. நம் ஆட்களுக்குச் சூரியன் உதித்தால்தான் கிழமை மாறும், கம்ப்யூட்டருக்கு நடுச்சாமத்திலேயே மாறிவிடும். விடிகாலை மூன்றே முக்காலுக்குப் பிறந்த பிள்ளையைத் திங்கட்கிழமை ராத்திரி என்று தாத்தா எழுதி வைத்திருப்பார், ஜாதகம் போடுகிறவன் திங்கட்கிழமை தேதியை அப்படியே தட்டிவிடுவான், ஒரு நாள் முழுசாக முன்னால் போய்விடும், சந்திரன் எங்கேயோ நிற்கும். இந்தப் பெண் பிறந்ததும் விடிகாலை மூன்றே முக்கால்தான். ஐப்பசி. எனக்குக் கை பரபரத்தது. "தம்பி, அந்தப் பிள்ளையோட பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்ல என்ன தேதி போட்டிருக்கு, தெரியுமா?" பையன் யோசிக்காமல் சொன்னான். அவள் பிறந்த தேதியை யோசிக்காமல் சொல்கிறான், அவன் அம்மாவின் முகம் ஒருமாதிரி ஆனது. தேதி சரியாக இருந்தது. ஜாதகத்திலும் அதே தேதி. அப்படியும் விடவில்லை நான், ஒரு நாள் தள்ளியும் போட்டுப் பார்த்தேன், பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பேனாவால் கூட்டிக் கழித்தேன். சந்திரன் மீனத்தில் நடுவில் நிற்கிறது, ஒரு நாள் தள்ளினாலும் மீனத்தின் கடைசிக்குப் போகிறதே தவிர வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. வாசல்வரைக்கும் வந்து நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. அப்புறம் குருவைத் தேடினேன். குரு பார்த்தால் கோடி நன்மை, குரு பார்வை விழுந்தால் இந்தத் தோஷத்துக்கு விலக்கு உண்டு என்று எல்லா நூலும் சொல்லும். குரு மகரத்தில் உட்கார்ந்திருக்கிறார், நீசமாகி, பலமில்லாமல். அங்கிருந்து ரிஷபத்தைப் பார்ப்பார், கடகத்தைப் பார்ப்பார், கன்னியைப் பார்ப்பார், மீனத்தைப் பார்க்க மாட்டார். இத்தனைக்கும் மீனம் அவருக்குச் சொந்த வீடு. ஊரையெல்லாம் பார்ப்பார், சொந்த வீட்டைப் பார்க்க மாட்டார், இப்படிப்பட்ட ஆண்பிள்ளைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பத்து பதிமூன்று. வெளியே சாரல் வலுத்துவிட்டது, ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறிக்கிறது, எழுந்துபோய்ச் சாத்தலாம், சாத்தினால் ஒரு நிமிஷம் போகும். இவர்கள் இருவரும் என் முகத்தைப் படிக்கிறார்கள், நான் ஜாதகத்தைப் படிக்கிறமாதிரி. அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, நான் பஞ்சாங்கத்தை மூடியதிலேயே தெரிந்துவிட்டது, மடியில் இருந்த பையை எடுத்து இடுக்கிக்கொண்டாள், புறப்படுகிறவள் மாதிரி. பையன் கீழுதட்டைக் கடிக்கிறான். ஒரு பொய் சொன்னால் என்ன? ஆவுடை, ஒரே ஒரு பொய். பொருந்தும் என்று எழுதி ஒரு கையெழுத்து. யார் வந்து கேட்கப்போகிறார்கள், சனியா வந்து கேட்கும்? இதை நான் நம்புகிறேனா என்று என்னையே கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது, சில நாள் நம்புவேன், சில நாள் இதெல்லாம் பன்னிரண்டு கட்டம் போட்ட காகிதம் என்று தோன்றும். ஆனால் பொய் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷத்தில் நூலில் இல்லாததைச் சொன்னதில்லை. அது பெருமைக்காக இல்லை, பயம். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், இவனுக்கு ஸ்கூட்டரில் ஒரு சிராய்ப்பு வந்தாலும், இந்த அம்மாள் இன்னொரு ஆளிடம் ஜாதகத்தைக் கொண்டுபோவாள், அவன் மீனத்தைத் தொட்டுக் காட்டுவான், இது தெரியாமலா கட்டி வைத்தீர்கள் என்பான், அத்தோடு அந்தப் பெண் அந்த வீட்டில் முடிந்தாள். எது நடந்தாலும் அவள்தான். பால் பொங்கினால் அவள், பொங்காவிட்டாலும் அவள். பொய் அவளைக் காப்பாற்றாது, எனக்குத்தான் ஒரு நாள் சந்தோஷம். உண்மையைச் சொன்னால்? உண்மையைச் சொன்னால் இங்கேயே, இந்த மேஜையிலேயே முடிந்தாள். அவளுக்கும் ஒரு கார்டு போகும், இந்தக் காலத்தில் கார்டு எங்கே, வாட்ஸ்அப்பில் போகும். மன்னிக்கவும் என்ற வார்த்தை இருக்குமா? என் அம்மா சனிக்கிழமை சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றக் கூட்டிப்போவாள், நான் கண்ணை மூடிக்கொண்டு கடையநல்லூர்க்காரர் இரண்டாம் தடவை கேசரி வாங்கியதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெண்ணும் நாளைக்கு எதையாவது நினைத்துக்கொண்டு நிற்பாள். இந்தப் பையனின் நனைந்த குடையை நினைப்பாளோ என்னவோ.

"என்னம்மா, அதானா?" என்றாள் சண்முகவடிவு. குரலில் ஆறுதல், ஜெயித்த ஆறுதல். "சொல்லிருங்கம்மா, அவனும் உங்க வாயால கேட்டுக்கிடட்டும். எம்புள்ள ஜாதகத்துக்கு இப்படி ஒண்ணத் தேடிக் கட்டணும்னு என்ன தலையெழுத்து? சனி ஆட்சி பெத்த ஜாதகம்லா அவனுக்கு. பொறந்தன்னைக்கே எங்க மாமனாரு சொன்னாரு, சச யோகம், ராசா மாதிரி இருப்பான்னு. பாத்த மூணு பேரும் அதத்தான் சொன்னாங்க. ஜாதகம்னா இது ஜாதகம்னு ஒருத்தரு எந்திரிச்சே நின்னுட்டாரு." நான் தலையாட்டினேன். சனி தன் சொந்த வீட்டில் ஆட்சியாக இருந்து அது ஒன்று, நான்கு, ஏழு, பத்து என்ற கேந்திரமாகவும் அமைந்தால் சச யோகம், உண்மைதான், பாடத்தில் இருக்கிறது. கும்பம் சனிக்குச் சொந்த வீடு. சிம்ம லக்னம், ஏழில் சனி. ராஜா மாதிரிதான் இருக்கிறான் பாவம், தனியார் பள்ளிக்கூடத்தில் ஆறு பீரியடு. ஏழில் சனி. நான் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன். ஏழில். என் கண் இடது பக்கக் காகிதத்தில்தான் இருக்கிறது, மீனத்தில்தான் இருக்கிறது, உட்கார்ந்ததிலிருந்து இந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அங்கேதான் இருக்கிறது. வலது பக்கக் காகிதத்தைப் பிரித்து வைத்ததோடு சரி. ஏன் பார்க்கவில்லை? பையன் ஜாதகத்தில் என்ன பார்ப்பது, ஆயுள் பார்ப்போம், உத்தியோகம் பார்ப்போம், நட்சத்திரம் என்ன என்று பார்த்துப் பொருத்தத்தை எண்ணுவோம். குறையைப் பெண் காகிதத்தில் தேடுவோம். அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். "தம்பிக்கு என்ன நட்சத்திரம்?" என்றேன், காகிதத்தில் இருப்பதையே கேட்டேன், என் வாய் பேசினால் கண்ணுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று. "சதயம்," என்றான். சதயம். சதயம் என்றால் கும்ப ராசி. ராசி என்றால் சந்திரன் நிற்கிற வீடு. சந்திரன் கும்பத்தில். கும்பத்தில் யார் இருக்கிறார்கள் ஆவுடை?

நான் குனிந்தேன். பெண் காகிதத்தில் மீனம் இடது மூலை, பையன் காகிதத்தில் கும்பம் அதற்கு நேர் கீழே, ஒரு விரல்கடை தள்ளி. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எழுத்து. சனி, சந்திரன். ஏழாம் இடம். குரு பார்க்கிறாரா என்று பார்த்தேன், விருச்சிகத்தில் இருக்கிறார், அங்கிருந்து கும்பத்தைப் பார்க்க மாட்டார். அப்பழுக்கில்லாத புனர்பூ தோஷம், பாடப்புத்தகத்தில் உதாரணத்துக்குப் போடலாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கத் தண்ணீர் எடுத்துக் குடித்தேன், புரையேறியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இவன் வீட்டில் இருந்தால் சச யோகம், எழுந்து நிற்பார்கள். அவள் வீட்டில் இருந்தால் தோஷம், பையை இடுக்கிக்கொண்டு புறப்படுவார்கள். அதே இரண்டு பேர்தானே ஐயா உட்கார்ந்திருக்கிறார்கள்! மூன்று ஜோசியரும், எழுந்து நின்ற அந்த மகாராசனும், பிறந்த அன்றைக்கே பார்த்த மாமனாரும் சனியை மட்டும் பார்த்து மலைத்துப்போய்ப் பக்கத்தில் இருந்த சந்திரனைப் பார்க்கவே இல்லை. நான் மட்டும் என்ன? ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். இதே சேர்க்கையால் வாழ்க்கை மாறினவள், இதற்காகவே படித்தவள், பத்தொன்பது வருஷம் எத்தனை பையன் ஜாதகத்தை இப்படி ஓரமாக வைத்திருப்பேன்? வெட்கம் காதுவரைக்கும் ஏறியது. அந்த வெட்கத்தின்மேலேயே ஒரு சந்தோஷம் ஏறி உட்கார்ந்துகொண்டது, அப்படியொரு சந்தோஷம், மேஜையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. நூலில் இல்லாததை நான் சொல்ல வேண்டாம். நூலில் தெளிவாக இருக்கிறது, எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும், செவ்வாய்க்குச் செவ்வாய் கட்டுகிறமாதிரி, இரண்டு பேருக்கும் ஒரே தோஷம் இருந்தால் அது சமம், நிவர்த்தி. பொருந்தும் என்பது மட்டுமில்லை, இவளைவிட்டால் இவனுக்கு வேறு பொருத்தம் தேடுவதுதான் கஷ்டம்! பத்து இருபத்திரண்டு.

இரண்டு காகிதத்தையும் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "அக்கா, எழுத்துக் கூட்டி வாசிப்பீங்களா?" "அதெல்லாம் வாசிப்பேன்." "உங்க மகன் கட்டத்துல சச யோகம் எங்க இருக்கு, காட்டுங்க." பெருமையாக விரலை வைத்தாள், கும்பத்தில், தப்பாமல். "அதுல என்ன எழுதியிருக்கு?" "சனி." "கீழ?" அவள் விரல் ஒரு நூலிழை கீழே இறங்கியது. "சந்," என்றாள், நிறுத்தினாள். பிறகு பெண் காகிதத்தைப் பார்த்தாள், மீனத்தைப் பார்த்தாள், மறுபடி கும்பத்துக்கு வந்தாள். பையன் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான், கணக்கு வாத்தியார், அவனுக்கு முதலில் புரிந்துவிட்டது, "அம்மா, ரெண்டும் ஒண்ணுதான்," என்றான். "சும்மா இரு நீ," என்றாள் அவள். என்னைப் பார்த்து, "அது ஆட்சிலாம்மா? சொந்த வீடுலா?" "சொந்த வீடுதான் அக்கா. சொந்த வீட்டுலயும் கூட இருக்கது சந்திரன்தான். ஏழாம் இடம்தான். மூணு பேரு அந்தப் பிள்ளைக்குச் சொன்னது அம்புட்டும் உங்க புள்ளைக்கும் உண்டு." "இத்தன வருஷத்துல ஒருத்தரும் சொல்லலையே!" "ஒருத்தரும் பாக்கல. நானும் இப்பத்தான் பாத்தேன்."

அவள் முகம் மாறியது. இந்த நிமிஷத்துக்குத்தானே இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தேன், ஒரு மாப்பிள்ளையின் அம்மா இந்தச் சேர்க்கைக்குப் பயப்படுவதைப் பார்க்க, அனுபவி ஆவுடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் அனுபவிக்கவும் செய்தேன், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் சட்டென்று மகனின் கையைப் பிடித்தாள், நனைந்த குடையோடு சேர்த்துப் பிடித்தாள், "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லாம்மா?" என்றாள், அது அப்படியே என் அம்மாவின் குரல். டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் இதைத்தான் யார் யாரிடமோ கேட்டாள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. "முப்பது வருஷமா உங்க வீட்டுல இருக்கான். என்ன ஆயிருச்சு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கான்." "அடங்கின பிள்ளையா?" "தங்கமான புள்ளம்மா. கொஞ்சம் யோசிச்சுத்தான் பேசுவான், மனசுல ஒண்ண நெனச்சா மாத்த மாட்டான்." "அதுதான் அக்கா அந்தச் சேர்க்கை. சனி நிதானம், சந்திரன் மனசு. நெனச்சா மாத்தாது. அந்தப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும். ஒண்ணு இருந்தாத் தோஷம், ரெண்டு பக்கமும் இருந்தா சமம். நூல்லயே இருக்கு. நான் சொந்தமா ஒண்ணும் சொல்லல." அவள் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்து இன்னொருதரம் விரலால் சரிபார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து மஞ்சள் டப்பாவை எடுத்தாள். கொண்டுவந்திருக்கிறாள்! வேண்டாம் என்று சொல்லவைக்க வந்தவள் மஞ்சளையும் கொண்டுவந்திருக்கிறாள், எதற்கும் இருக்கட்டும் என்று, அம்மாக்களை யார் கண்டது. "ராகு காலத்துக்கு முன்னால வச்சுருவோமா?" என்றாள். பத்து இருபத்தேழு. அவளே விரலில் தொட்டு இரண்டு காகிதத்தின் நான்கு மூலையிலும் வைத்தாள், பெண் காகிதத்தின் மீன மூலையில் மட்டும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். நான் கீழே பொருந்தும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இன்றைக்கு நன்றாக வந்திருந்தது.

எழுந்தவள் வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். "உங்களுக்கு என்ன ராசிம்மா?" "சிம்மம். எனக்கும் சனியும் சந்திரனும் ஒண்ணாத்தான் இருக்காங்க. ஏழுல." அவள் என் கழுத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டோமே என்று உடனே தரையைப் பார்த்தாள். "அப்ப, உங்களுக்கு இந்த மாதிரி சமமா ஒண்ணு..." "எங்க வீட்டுக்கு மாப்பிள்ளை ஜாதகத்தை யாரும் அனுப்பல, அக்கா. எங்க ஜாதகந்தான் ஏழு வீட்டுக்குப் போச்சு." அவள் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், விரலில் மிச்சம் இருந்த மஞ்சள் என் உள்ளங்கையில் ஒட்டியது. "நீங்க கலியாணத்துக்கு வரணும். முன்னால நிக்கணும்," என்றாள். வருவேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவேன், முதல் வரிசையில் உட்காருவேன், கேசரி போட்டால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். படியில் பையன் போனை எடுத்துவிட்டான், "சொர்ணா, சரின்னுட்டாங்க," என்று சொன்னான், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மாடிவரை கேட்டது. குடையை விரிக்காமலே சாரலில் இறங்கிப் போனான்.

பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரை ஆனால் பன்னிரண்டு வரைக்கும் நான் கதவைச் சாத்திவிடுவது வழக்கம். எழுந்து போய்க் கதவுக்குப் பதில் ஜன்னலைச் சாத்தினேன். கடையநல்லூர்க்காரருடைய கட்டம் எப்படி இருந்திருக்கும்? அவருக்கும் எங்காவது ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எழுத்து இருந்திருக்குமோ, எழுந்து நின்று யாராவது யோகம் என்று சொல்லியிருப்பார்களோ? இருந்திருக்கும், இல்லாமலும் இருந்திருக்கும். அது இனிமேல் எனக்கு வேண்டாம். உள்ளங்கையில் மஞ்சள் இருந்தது, துடைக்கவில்லை. கீழே படிக்கட்டில் ஒருவர் பாலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார், கையில் மஞ்சள் தடவிய உறை. "மேல வாங்க அண்ணாச்சி," என்றேன். "ராகு காலமாச்சேம்மா, பன்னெண்டு மணிக்குப் பொறவு வாரேன்." "அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க வாங்க." தயங்கித் தயங்கி ஏறி வந்து உட்கார்ந்தார், மகனுக்குப் பெண் பார்க்கிறாராம். உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். "பொண்ணு ஜாதகம்மா. ஏதாவது குத்தங்குறை இருக்கான்னு நல்லாப் பாத்துச் சொல்லணும்."

நான் அதைத் தொடவில்லை. மஞ்சள் கையை நீட்டினேன்.

"உங்க மகனோடத முதல்ல எடுங்க," என்றேன்.